அரசனுக்கு என்ன கொடுப்பது?

"மன்னனைப் பாடிப் பரிசளித்துப் போற்றுவது சங்கப் புலவர் காட்டிய வழி. அவ்வழியில் இந்த மணிமுடியை நம் தலைவருக்குச் சூட்டி மகிழ்கிறோம்." தமிழ்நாட்டில் விழாக்களுக்குப் போகும் பழக்கமுள்ள எவரும் இந்த வாக்கியத்தை, அல்லது இதன் சாயலில் ஒன்றை, ஆண்டுக்கு நான்கு முறையாவது கேட்டிருப்பார்கள். சென்ற கோடையில் கீழ்புத்துப்பட்டுப் பக்கம் நடந்த ஒரு நலத்திட்ட விழாவில் நாமும் கேட்டோம். காலை பத்து மணிக்கு வரச்சொல்லப்பட்டிருந்த பயனாளிகள் பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் பாதி, முகாமில் இருக்கிறவர்கள் பாதி. தலைவர் ஒன்றரை மணிக்கு வந்தார். பொன்னாடை, ஆளுயர மாலை, வெள்ளி முலாம் பூசிய வீரவாள், செங்கோல், கடைசியாக முடி. இவற்றுக்கெல்லாம் இலக்கியச் சான்று தர ஒரு தமிழாசிரியர் அழைக்கப்பட்டிருந்தார். இந்த மண் ஓய்மாநாடு, ஆண்டவன் நல்லியக்கோடன், பாடியவர் நத்தத்தனார், நூல் சிறுபாணாற்றுப்படை, ஆகவே இந்த முடி. பலத்த கைதட்டல்.

வாளையும் முடியையும் பற்றி நமக்குப் பெரிய வருத்தமில்லை. அது அவர்கள் வீட்டு விவகாரம். சிறுபாணாற்றுப்படையை இழுத்ததுதான் பொறுக்கவில்லை. முதுகலைத் தமிழ் படித்து, அதையே வகுப்பில் நடத்திப் பிழைக்கிற நம்மைப் போன்றவர்கள், மேடையில் எது நடந்தாலும் அதற்குச் சங்க இலக்கியத்திலிருந்து ஒரு சான்றொப்பம் போட்டுத்தரும் அலுவலர்களாக ஆகிவிட்டோம். ஒப்பமிடுமுன் தாளைப் படித்துப் பார்க்கும் வழக்கமும் போய்விட்டது.

ஆகவே தாளைப் படிப்போம். 269 அடிகளே கொண்ட சிறிய பாட்டு அது. பத்துப்பாட்டை உ.வே.சா. 1889இல் நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த நாள்முதல் யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கிறது. பாடியவர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழி நாடு நமக்குத் தொலைவில்லை. மரக்காணத்துக்கு வடக்கே அதே கடற்கரையில் இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. பாட்டுக்குள் பாணன் போகும் வழியும் நம் வழியே. முதலில் நெய்தல் நிலத்து எயிற்பட்டினம். அது மரக்காணத்தை ஒட்டியது என்பது அறிஞர் துணிபு. பிறகு வேலூர், அதை உப்புவேலூர் என்பார்கள். பிறகு ஆமூர். கடைசியில் கிடங்கில், அதாவது இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து ஏறி, மரக்காணத்தில் மாறித் திண்டிவனம் போகிறவர் ஏறக்குறைய இந்தப் பாட்டுக்குள்தான் பயணம் செய்கிறார்.

இந்தப் பாட்டில் யார் யாருக்கு என்ன கொடுக்கிறார்கள்? எயிற்பட்டினத்தில், அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள் ஒட்டகங்கள் படுத்து உறங்குவதுபோல் கரையில் கிடக்கின்றன. அவற்றையே விறகாக்கி நுளையர் மகள் காய்ச்சிய கள்ளும், சுட்ட குழல்மீனும் பாணனுக்குக் கிடைக்கின்றன. அவன் யாரென்று யாரும் கேட்கவில்லை. வேலூரிலும் ஆமூரிலும் அந்தந்த நிலத்து உணவு. அரண்மனைக்குப் போனால் உடுக்கத் தூய ஆடை, பருகக் கள், பிறகு வீமன் எழுதியதாகச் சொல்லப்படும் மடைநூலின் முறை வழுவாமல் சமைத்த பலவகை உணவு. இவற்றை ஏவலர் கையில் கொடுத்துவிட்டு மன்னன் உள்ளே போய்விடவில்லை. தானே அருகில் நின்று, விரும்பி ஊட்டுகிறான். பிறகு தேரும் எருதும் அதை ஓட்ட ஆளும் கொடுத்து அன்றைக்கே அனுப்பிவைக்கிறான். நாளை வா, அடுத்த கூட்டத்தொடரில் பார்க்கலாம் என்ற பேச்சு இல்லை.

பாணன் அவனுக்கு என்ன கொடுத்தான்? முடியா, வாளா? யாழ் ஒன்றுதான் அவன் உடைமை. அதையும் திரும்பத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இந்த நூலில் இரண்டு வாயில்கள் வருகின்றன. வகுப்பில் நடத்தும்போது நாம் எப்போதும் இங்கேதான் நின்றுவிடுவோம். பாடத்திட்டம் முடியாமல் போவதும் உண்டு. முதல் வாயில் பாணனின் வீட்டுக்கு உரியது. கூரை சிதைந்து, சுவரில் கறையான் அரித்து, காளான் பூத்த வீடு. அடுக்களையில் ஈன்ற நாய் படுத்திருக்கிறது. கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத மடியை இழுக்க, அது வலிதாங்காமல் குரைக்கிறது. பசியால் இடை ஒடுங்கிய அந்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அதை உண்பதை அயலார் பார்த்துவிடக் கூடாதே என்ற நாணத்தால் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தாரோடு பகிர்ந்து உண்கிறாள். இரண்டாவது வாயில் நல்லியக்கோடனுடையது. பொருநர் வந்தாலும் புலவர் வந்தாலும் அந்தணர் வந்தாலும் அடைக்கப்படாத வாயில் அது. நத்தத்தனார் இரண்டையும் ஒரே பாட்டில் வைத்திருக்கிறார். வறியவள் வெட்கத்தால் அடைத்த கதவைத் திறக்கவைப்பதற்காகவே அரசனின் கதவு திறந்திருக்கிறது என்பதுதான் இப்பாட்டின் அரசியல். உப்புக்குப் பேர்போன கடற்கரை வழியே நடக்கிற ஒரு பாட்டில் உப்பில்லாத கீரை வருவதும் தற்செயல் என்று நம்மால் நம்பமுடியவில்லை. (நச்சினார்க்கினியர் இதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நம் ஊகந்தான்.)

இந்த நூலைக் காட்டித்தான் அன்றைக்கு, மூன்றரை மணிநேரம் வெயிலில் நின்றவர்களுக்கு முன்னால், குளிரூட்டிய காரில் வந்தவருக்கு முடி சூட்டினார்கள்.

'மரபு, மரபு' என்கிறார்களே, அரச மரபு என்றால் என்னவென்றும் பார்த்துவிடுவோம். யார் எங்கே நிற்பது, யார் முதலில் எழுவது, யாருக்குப் பின்னால் யார் நடப்பது என்ற நடைமுறை ஒழுங்குகள் சங்க காலத்திலும் இருந்தன. பொருநராற்றுப்படையில் கரிகாலன், பரிசில் பெற்றுப் போகும் பொருநனின் பின்னே ஏழடி நடந்து சென்று, பால்போல் வெண்மையான நான்கு குதிரை பூட்டிய தேரில் அவனை ஏறச்செய்து வழியனுப்புகிறான். பின்னால் நடந்தவன் சோழ வேந்தன். முன்னால் போனவன் பறை கொட்டி வயிறு வளர்ப்பவன். இன்றைக்கு யாருடைய கார்க்கதவுக்குப் பின்னால் யார் ஓடுகிறார்கள் என்று நாம் எழுதவேண்டியதில்லை.

மோசிகீரனார் கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்த நேரத்தில் முரசுகட்டிலின் மேல் அயர்ந்து தூங்கிவிட்டார். தண்டனை இருதுண்டாக வெட்டப்படுவது. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளை எடுக்காமல் விசிறியை எடுத்தான். இதைப் பாடநூல்கள் 'மன்னனின் தமிழ்ப்பற்று' என்ற தலைப்பில் போட்டு முடித்துவிடுகின்றன. அரச நடைமுறையின் மிகக் கடுமையான விதியை அரசனே ஒரு களைத்த மனிதனுக்காகத் தள்ளிவைத்தான் என்பதல்லவா செய்தி?

நடைமுறையைப் புலவரும் வைத்திருந்தார்கள். இளங்கண்டீரக்கோவும் இளவிச்சிக்கோவும் ஒருங்கே இருந்த இடத்துக்குப் பெருந்தலைச் சாத்தனார் போனார். ஒருவனைத் தழுவிக்கொண்டார், மற்றவனைத் தழுவவில்லை. ஏன் என்று அவன் கேட்டபோது கிடைத்த விடை புறநானூற்றின் 151ஆம் பாட்டு. உன் குலத்தவர் பாடவந்தவருக்குக் கதவை அடைத்தவர்கள், அதனால் எம்மவர் உங்கள் மலையைப் பாடுவதை விட்டுவிட்டார்கள் என்பது அதன் சாரம். மேடையில் இருவர் அமர்ந்திருக்க, ஒருவருக்கு மட்டும் கைகொடுத்துவிட்டு இறங்கிவரும் தமிழாசிரியர் இன்று எத்தனை பேர் தேறுவார்கள்?

சரி, அரசனுக்குக் குடிமக்கள் எதையுமே கொண்டுபோய்க் கொடுத்ததில்லையா என்று கேட்கலாம். கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சான்றும் நம்மிடமே இருக்கிறது. மேடைக்காரர்களுக்கு அதைத் தேடும் சிரமம் வேண்டாம். சிலப்பதிகாரத்துக் காட்சிக் காதையில் மலைவளம் காணவந்த செங்குட்டுவன் முன் குன்றக் குறவர் வந்து நிற்கிறார்கள். தலைமேல் சுமைகள். யானைத் தந்தம், அகில், கவரி, தேன்குடம் என்று பட்டியல் ஒழுங்காகத்தான் தொடங்குகிறது. போகப்போக ஒரு விலங்குக்காட்சிச் சாலையே இறங்கிவிடுகிறது: புலிக்குட்டி, கரடி, குரங்குக்குட்டி, மான்குட்டி, கீரி, மயில், காட்டுக்கோழி, கிளி. படைநடத்தி வந்த பேரரசன் கரடியையும் கீரியையும் வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்று இளங்கோ சொல்லவில்லை. ஆனால் அவர்கள் எப்படி நின்றார்கள் என்று சொல்லியிருக்கிறார். அரசனைக் காணும் வேளை வாய்க்காமல் திறைப்பொருளைச் சுமந்தபடி காத்து நிற்கும் பகைவரைப்போல் நின்றார்களாம்.

இந்த ஓர் உவமையில் விஷயம் முழுவதும் அடங்கிவிட்டது. மேலிருப்பவன் கீழிருப்பவனுக்குத் தருவதற்குத் தமிழில் பரிசில் என்று பெயர். கீழிருப்பவன் மேலிருப்பவனிடம் கொண்டுபோய்க் கொட்டுவதற்குத் திறை என்று பெயர். தோற்றவன் கட்டுவது திறை. அன்றைக்குக் கீழ்புத்துப்பட்டில் நடந்தது திறை கட்டல். அதற்குப் 'பரிசளிப்பு' என்று பெயர் சூட்டியது நம் தமிழாசிரியர் செய்த பிழை. சூட்டிய முடியைவிட இதுதான் பெரிய பொய்.

குறவர் கொண்டுவந்த பொருள்களில் செங்குட்டுவன் எதைப் பெற்றுக்கொண்டு புறப்பட்டான் என்பதையும் பார்க்கவேண்டும். கரடியையும் மயிலையும் அவன் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. வேங்கை மரத்தின் நிழலில் ஒரு முலை இழந்த பெண் ஒருத்தி நின்றாள், எம் கண்முன் வானம் சென்றாள் என்று அவர்கள் சொன்ன செய்தியைத்தான் பெற்றுக்கொண்டான். அதுதான் அவனை வடக்கே இமயம் வரை கொண்டுபோயிற்று. அநீதி நடந்திருக்கிறது என்ற தகவலே குடிமக்கள் அரசனுக்குத் தந்த உருப்படியான பரிசு.

இலக்கணத்தில் இதற்கு ஒரு துறையே உண்டு: செவியறிவுறூஉ. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் கொடுத்தது அதுதான். சிறு நிலத்து நெல்லையும் அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். யானை தானே வயலில் புகுந்தால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். வரி வாங்கும் முறையைப்பற்றி இதைவிடச் சுருக்கமாக எந்த நிதிக்குழுவும் அறிக்கை தந்ததில்லை. வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனைப் பாடித் தம் நிலத்துப் பழைய வரிப்பாக்கியைத் தள்ளுபடி செய்துகொண்டார் என்று 35ஆம் பாட்டின் கொளு கூறுகிறது. அரசனைப் பாடியதால் ஒரு குடியானவனின் கடன் போயிற்று. இன்றைக்குப் பாடுகிறவர்களால் யாருடைய கடன் போகிறது? வாரியப் பதவி வரும், கடன் போகுமா?

அரசனுக்கு வேடிக்கையாக ஏதாவது கொடுத்தே தீரவேண்டும் என்போருக்குப் பெருஞ்சித்திரனார் வழிகாட்டியிருக்கிறார். அவர் இளவெளிமானிடம் போனார். அவன் தகுதியறியாமல் ஏதோ சிறிது கொடுத்தான். வாங்க மறுத்து நேரே குமணனிடம் போனார். யானை கிடைத்தது. அந்த யானையைத் தம் ஊருக்கு ஓட்டிப்போகவில்லை. இளவெளிமான் ஊருக்கே திரும்பி ஓட்டிவந்து, அவனுடைய காவல்மரத்தில் கட்டிவிட்டு, உள்ளே போய்ச் சொன்னார்: இரப்பவர்க்குக் கொடுப்பவன் நீ அல்லன், ஆனால் இரப்பவர்க்குக் கொடுப்பவர் இல்லாமலும் போய்விடவில்லை, இதோ உன் மரத்தில் நான் கட்டியிருப்பது இரவலன் தரும் பரிசில், வருகிறேன். புறநானூறு 162.

காவல்மரம் என்பது விளையாட்டான இடமன்று. பகைவன் ஒருவன் அதில் தன் யானையைக் கட்டினால் நாட்டைப் பிடித்துவிட்டான் என்று பொருள். சோற்றுக்கு அலைந்த ஒரு புலவர் படையில்லாமல், ஒரே ஒரு யானையை வைத்து அந்த நாட்டைப் பிடித்துக் காட்டியிருக்கிறார். மறுநாள் காலையில் அந்த யானைக்குத் தீனி போடவேண்டியது யார் என்பதையும் யோசித்துப் பார்க்கவேண்டும். கஞ்சனுக்கு யானையைப் பரிசாகக் கொடுப்பதில் உள்ள நகைச்சுவை இரண்டாயிரம் ஆண்டாக வாடாமல் இருக்கிறது. தமிழில் புலவன் அரசனுக்குப் பொருளாகக் கொடுத்த பரிசு என்று தேடினால் முதலில் அகப்படுவது இதுதான், அதுவும் அவமதிப்பதற்காகக் கொடுத்தது.

அதே பெருஞ்சித்திரனார் அதியமான் நேரில் பார்க்காமல் கொடுத்தனுப்பிய பரிசிலையும் திருப்பியிருக்கிறார். முகம் பாராமல் தரும் பொருளை வாங்கிப்போக நான் வணிகன் அல்லன், தினையளவே ஆனாலும் என் தகுதி அறிந்து தந்தால் போதும் என்றார். குமணனிடம் பெற்ற செல்வத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், என்னைக் கேட்க வேண்டாம், யார் கேட்டாலும் கொடு என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். இரவலன் என்ற சொல்லுக்கு இப்படியொரு நிமிர்வு இருந்திருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறோம். சங்கப் புலவர்கள் எல்லோரும் பெருஞ்சித்திரனார்களா? பதிற்றுப்பத்தைத் திறந்தால் ஒரே புகழ்மழை. செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடிய கபிலர் நூறாயிரம் காணமும், நன்றா என்னும் குன்றேறிக் கண்ட நாடெல்லாமும் பெற்றதாகப் பதிகம் கூறுகிறது. க. கைலாசபதி முதலியோர் இந்தப் பாடல்களை வீரயுகச் சமூகத்தின் உறவுகளோடு வைத்துப் பேசி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. உண்மைதான். பசி இருந்தது, சார்ந்து வாழும் நிலை இருந்தது, மிகைப்புகழ்ச்சி இருந்தது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுதும் எண்ணம் நமக்கில்லை. போரில் ஊரை எரித்ததையும் அதே புலவர்கள்தாம் பாடினார்கள். நாம் சொல்வது இவ்வளவே: பசித்தவன் புகழ்ந்தான், பெற்றுக்கொண்டான், போனான். வயிறு நிறைந்தவன் புகழ்ந்து, மேற்கொண்டு கையிலிருப்பதையும் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கத்துக்கு அங்கே சான்றில்லை.

இது யார் தொடங்கிவைத்தது என்று ஒரு கட்சியை மட்டும் சுட்டுவது நியாயமாகாது. 1986இல் மதுரை மாநாட்டில் எம்.ஜி.ஆருக்கு ஜெயலலிதா வெள்ளிச் செங்கோல் வழங்கினார். அதே ஜெயலலிதா முதலமைச்சரான பின், 1992ஆம் ஆண்டுப் பிறந்தநாளையொட்டி வந்த வரைவோலைகள் வழக்காயின. வெளிநாட்டிலிருந்து வந்த மூன்று லட்சம் டாலரும் அவற்றில் உண்டு. மத்தியப் புலனாய்வுத்துறை 1996இல் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் தள்ளுபடி செய்தது. 1947 ஆகஸ்ட் 14 இரவு திருவாவடுதுறை ஆதீனத்தார் நேருவுக்குக் கொடுத்த செங்கோல், பல்லாண்டு அலகாபாத் அருங்காட்சியகத்தில் கிடந்து, 2023 மே 28 அன்று நாடாளுமன்றத்துக்கு வந்துசேர்ந்தது. அதன் பொருள் பற்றிய சண்டைக்குள் நாம் போகவில்லை. 2021இல் முதலமைச்சரான மு.க. ஸ்டாலின் பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பொன்னாடையைவிடப் புத்தகம் ஆயிரம் மடங்கு மேல். ஆனால் பொருள் மாறியதே தவிர அது போகும் திசை மாறவில்லை. (தலைவரின் உரைத்தொகுப்பையே வாங்கித் தலைவருக்குக் கொடுத்தவரையும் நாம் அறிவோம்.) பட்டங்களை அரசு வழங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொன்னது. அரசு வழங்காததைப் பேரரசு, சக்கரவர்த்தி என்று நாமே வழங்கித் தீர்த்துக்கொள்கிறோம்.

உண்மையான முடியரசு இருக்கிற நாட்டில் என்ன செய்கிறார்கள்? இங்கிலாந்து அரச குடும்பத்தார் கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை சாண்ட்ரிங்காம் மாளிகையில் கூடி ஒருவருக்கொருவர் விலைமலிந்த வேடிக்கைப் பொருள்களைக் கொடுத்துக்கொள்வார்கள் என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதுவதுண்டு. இன்றைய மன்னர் சார்லஸுக்கு அவர் தங்கை ஆன் ஒருமுறை தோலில் செய்த கழிப்பறை இருக்கையைக் கொடுத்தாராம். முடியைப் பிறப்பிலேயே பெற்றவர்களுக்கு முடி சலித்துப்போய்விடுகிறது போலும்.

அதே அரண்மனையோடு காந்தி வைத்துக்கொண்ட கணக்கு வேறு. 1931 மார்ச்சில் அரசப் பிரதிநிதி இர்வினோடு பேசிக்கொண்டிருந்தபோது பருகத் தந்ததில், போர்வைக்குள்ளிருந்து ஒரு சிறு காகிதப் பொட்டலத்தை எடுத்து, வரிகட்டாத உப்பைக் கொஞ்சம் போட்டுக்கொண்டார். பாஸ்டன் தேநீர் விருந்தை நினைவூட்டத்தான் என்றாராம். லூயி ஃபிஷர் எழுதியிருக்கிறார். அதே ஆண்டு நவம்பரில் பக்கிங்காம் அரண்மனைக்கு அரையாடையிலேயே போனார். எங்கள் இருவருக்கும் போதுமான துணியை மன்னரே உடுத்தியிருந்தார் என்று அவர் சொன்னதாக வழங்கும் பேச்சு எல்லோருக்கும் தெரியும். 1947இல் இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்குத் தாம் நூற்ற நூலில் நெய்த ஒரு சிறு துணியை அனுப்பினார். மூத்த அரசி மேரி அதைக் கோவணம் என்று நினைத்து முகம் சுளித்தாராம். காவல்மரத்தில் யானை கட்டியவர் வழியில் வந்த பரிசு என்று இதைச் சொல்லலாம்.

நம் ஊரிலும் ஓர் அரசர் இருக்கிறார். கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார், பூரணை புட்கலையோடு, வெட்டப்படாத காட்டுக்கு நடுவே. ஐயனாருக்கு மக்கள் குதிரை கொடுப்பது தமிழ்நாடெங்கும் உள்ள நேர்த்திக்கடன். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் புரவியெடுப்பு நடக்கும் ஊர்களில் முதலில் பிடிமண் கொடுப்பார்கள். அதை வேளார் வாங்கிப்போய்க் குதிரை செய்வார். அதாவது அரசனுக்குத் தரும் குதிரைக்கும் முதல் மண் அரசன் பக்கத்திலிருந்தே வரவேண்டும். கொடுத்த குதிரை மழையில் கரைந்து மறுபடி மண்ணாகும். அடகு வைக்க முடியாது. வருமானத்துக்கு மீறிய சொத்து என்று யாரும் வழக்குப் போடவும் முடியாது.

அந்தக் காட்டுக்கு எட்டும் தொலைவில்தான் 1983க்குப் பின் கடல்வழி வந்தவர்களுக்கான இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. நல்லியக்கோடனின் ஊருக்கு மாவிலங்கை என்று பெயர். பழைய இலங்கையின் பெயரைக் கொண்ட ஊர் என்று நத்தத்தனாரே பாட்டில் சொல்கிறார். திண்டிவனத்தருகே கீழ்மாவிலங்கை இன்றும் இருக்கிறது, பல்லவர் காலக் குடைவரையோடு. அந்த மாவிலங்கைக்காரனின் நாட்டில் இலங்கைக்காரர்கள் நாற்பது ஆண்டாகக் குறித்த நாளில் ஆள்கணக்குக்கு நின்றுகொண்டிருக்கிறார்கள். 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என மாறியது. புதிய வீடுகளும் அறிவிக்கப்பட்டன. நல்ல காரியம், மனதாரச் சொல்கிறோம். இங்கேயே பிறந்து, நம் வகுப்பில் உட்கார்ந்து, சிறுபாணாற்றுப்படையின் அடைக்கப்படாத வாயிலைப்பற்றித் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிற பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு இன்னும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. அன்றைய விழாவில் ஒன்றரை மணிவரை நின்றவர்களில் அவர்களும் இருந்தார்கள். ஓய்மாநாட்டின் பெயரால் ஒருவரை அரசர் என்று அழைப்பதாக இருந்தால், அவர் முன் இந்தச் செய்தியை வைக்கவேண்டியது தமிழாசிரியரின் வேலை. குன்றக் குறவர் தம் வேலையைச் செய்தார்கள்.

அடுத்த விழாவுக்கும் மணிமுடி வேண்டும் என்று விழாக்குழுவினர் அலையவேண்டாம். மரக்காணத்து உப்பு ஒரு மூட்டை கொடுக்கலாம். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கவேண்டும் என்பது பழமொழியாதலால், வாங்குகிறவர்தான் உப்பளத்தாருக்குக் கடன்படுவார். மேடையேறிக் கொடுப்பவர் ஓர் உப்பளத் தொழிலாளியாக இருக்கவேண்டும். வாங்குகிறவர் எழுந்து நின்று வாங்கவேண்டும். இறங்கிப்போகும்போது ஏழடி பின்னால் நடந்து வழியனுப்பவேண்டும். செலவு நம்முடையது. ஐம்பது கிலோ மூட்டையாகவே சொல்லிவைத்திருக்கிறோம்; தூக்கிப்போக அவர்களே ஆள் கொண்டுவரட்டும்.